வாங்கினால் விட்டுவிடுங்கள்: நியூ ஈடன் விண்கொள்ளையருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கொள்ளையர்களே,

போன வாரம் ஈவ் ஆன்லைன் விளையாட்டில், லோசெக் என்ற காவல் குறைந்த பகுதியில், ஒரு விண்கல் பெல்ட்டில் பாறை வெட்டிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் என் ரிட்ரீவர் என்ற சுரங்கக் கப்பலை உடைத்தார். மண்டலத்தில் இருப்பவர்களைக் காட்டும் லோக்கல் பட்டியலில் புதுப் பெயர் ஏறியதைப் பார்த்து, தப்பிப் பறக்க நான் வார்ப் பொத்தானை அழுத்துவதற்குள் வந்து இறங்கிவிட்டார். குறிவைத்து லாக் செய்தார், தப்ப முடியாதபடி ஸ்க்ராம் போட்டார், சுட ஆரம்பித்தார். நான் அவருக்குத் தனிச் சாட் திறந்து "எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். கப்பல் வெடித்தது. கப்பல் போனாலும் ஓட்டுநர் தப்பிக்கும் கூண்டான என் கேப்சூல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு லோக்கலில் "ஜிஎஃப்" என்று இரண்டே எழுத்து வந்தது. நல்ல சண்டை என்று அதற்கு அர்த்தம்.

கப்பல் போனதைச் சொல்லிப் புலம்ப நான் இதை எழுதவில்லை. லோசெக்கில் ரிட்ரீவர் ஓட்டுகிறவன் அது ஒருநாள் போகும் என்று தெரிந்துதான் ஓட்டுகிறான். இழக்கத் தாங்காததை வெளியே எடுத்துக்கொண்டு போகாதே என்பது ஈவ் ஆன்லைனுக்கு வரும் எல்லோருக்கும் முதலில் சொல்லித்தரும் பாடம். அன்று இரவே வேறொரு ரிட்ரீவர் வாங்கிவிட்டேன். மனதை உறுத்துவது அந்தப் பதில் வராத சாட்தான். கொடுக்கக் கையில் பணம் இருந்தது, மனமும் இருந்தது. வாங்கத்தான் ஆளில்லை.

பிடித்தவனிடம் பணயத்தொகை கேட்பது, நம் பேச்சில் சொன்னால் ரான்சம் கேட்பது, ஒரு காலத்தில் உங்கள் தொழிலின் உயிராக இருந்தது. இன்று அந்தப் பழக்கம் உங்களிடம் ஏறக்குறைய இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கேளுங்கள், கேட்டதைக் கொடுத்தால் விட்டுவிடுங்கள். என் வேண்டுகோள் இவ்வளவுதான்.

இந்த மடல் உங்கள் கண்ணில் மட்டும் படப்போவதில்லை என்பதால், ஈவ் தெரியாதவர்களுக்காக நான்கு வரி. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் இருக்கும் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட ஆன்லைன் விளையாட்டு இது. நியூ ஈடன் என்பது அதன் அண்டம். ஏழாயிரத்துக்கும் மேல் சூரிய மண்டலங்கள். சீனாவுக்கு மட்டும் தனி சர்வர். மற்ற நாட்டுக்காரர்கள் எல்லோரும் டிராங்குவிலிட்டி என்ற ஒரே சர்வரில்தான் வாழ்கிறோம். தினமும் நம் நேரம் மாலை 4.30-க்கு அது சில நிமிடங்கள் அணைந்து மறுபடி எழும். ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 0.5-உம் அதற்கு மேலும் ஹைசெக். அங்கே காரணமில்லாமல் சுட்டால் கான்கார்டு என்ற காவல்படை வந்து சுட்டவனை அழிக்கும். 0.1 முதல் 0.4 வரை லோசெக். மண்டலங்களை இணைக்கும் வாயில்களிலும் நிலையங்களிலும் காவல் துப்பாக்கிகள் இருக்கும், மற்ற இடங்களில் கேட்பாரில்லை. அதற்கும் கீழே நல்செக். அங்கே சட்டமே இல்லை. இங்கே கப்பல் உடைந்தால் உடைந்ததுதான். செத்தால் குளோனில் எழலாம், கப்பலும் சரக்கும் திரும்பாது. கொள்ளை இந்த ஆட்டத்தில் ஏமாற்று வேலையாகக் கருதப்படுவதில்லை. விதிகள் அனுமதிக்கிற ஒரு வாழ்க்கை அது.

சரி, உங்களிடமே வருகிறேன்.

முதன்முதலாக நான் பிடிபட்ட கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இன்னும் இந்த ஆட்டத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம். பல வருடம் ஆகிறது. அப்போதும் ரிட்ரீவர்தான், அப்போதும் லோசெக்தான். ஹைசெக்கில் வெல்ட்ஸ்பார் தாது வெட்டிச் சலித்துப்போய், ஜாஸ்பெட் தாது கிடைக்கும் என்று கேள்விப்பட்டு 0.4-க்குள் நுழைந்திருந்தேன். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, பாறையில் லேசரைப் போட்டுவிட்டு ஏதோ படித்துக்கொண்டிருந்தேன். லோக்கலில் ஒரு பெயர் வந்தது, பக்கத்தில் சிவப்பில் சின்ன மண்டையோடு. அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஒரு ரிஃப்டர் வந்து இறங்கியது. துருப்பிடித்த தகரத்தைக் கோணல்மாணலாக ஒட்டவைத்தது போன்ற அந்தச் சின்னக் கப்பலை அதற்கு முன் படத்தில்தான் பார்த்திருந்தேன். சுற்றி இருப்பவற்றைக் காட்டும் ஓவர்வியூ பட்டியலில் அதன் பெயர் மஞ்சளாக மின்னியது, பிறகு சிவப்பாக. என் கப்பலின் ஷீல்டு பாதிக்குக் கீழே இறங்கியது. சட்டென்று சூடு நின்றது. தனிச் சாட் ஒன்று திறந்தது.

"வணக்கம். முதலில் உங்கள் டிரோன்களைத் திரும்பக் கூப்பிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

டிரோன்கள் வெளியே இருப்பதே எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கூப்பிட்டேன். ஆட்டத்தின் நாணயத்தில் 15 மில்லியன் இஸ்க், மூன்று நிமிடம் என்றார். அது என் கப்பல் விலையில் ஏறக்குறைய பாதி. வாலட்டில் 21 மில்லியன் இருந்தது, இரண்டு வாரச் சேமிப்பு. "கொடுத்தால் விடுவீர்கள் என்று எப்படி நம்புவது?" என்று கேட்டேன். "என் கார்ப்பரேஷன் பக்கத்தைத் திறந்து படியுங்கள், நேரத்தை நிறுத்தி வைக்கிறேன்" என்றார். கார்ப்பரேஷன் என்றால் ஆட்டக்காரர்கள் சேர்ந்து அமைக்கும் குழு. திறந்து படித்தேன். ரான்சம் வாங்கினால் விட்டுவிடுவோம், மீறியவர் எங்களோடு இருக்க முடியாது என்று மூன்று வரியில் இருந்தது. எழுத்துப்பிழை கூட இருந்தது. எனக்கு ஏனோ அதனாலேயே நம்பிக்கை வந்தது.

பெயரில் வலது சொடுக்கு, பணம் கொடு, 15-க்குப் பின் ஆறு பூஜ்யம். கை நடுங்கியதில் ஒரு பூஜ்யம் குறைத்துப் போட்டு, திருத்தி, அனுப்பினேன். ஸ்க்ராம் விலகியது. நான் வார்ப் அழுத்தினேன். "வார்ப் டிரைவ் ஆக்டிவ்" என்று சொல்லும் கப்பல் கணினி ஆராவின் குரலை அதற்கு முன் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அன்று கேட்டது போல் என்றும் கேட்டதில்லை.

நிலையத்தில் போய் நின்றபோது சாட் இன்னும் மூடப்படவில்லை. அவர் எழுதிக்கொண்டே இருந்தார். சிவப்பு மண்டையோடு தெரிந்தால் உடனே கிளம்ப வேண்டும். வெட்டும்போதே கப்பலை நிலையத்தை நோக்கித் திருப்பி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இந்தக் கனத்த கப்பல் திரும்புவதற்குள் உயிர் போய்விடும். அக்கம்பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் டி-ஸ்கேனைச் சில விநாடிக்கு ஒருமுறை தட்ட வேண்டும். இதையெல்லாம் பிடித்தவரே பிடிபட்டவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். கடைசியில், "அடுத்த தடவை உங்களைப் பிடிப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கட்டும்" என்று எழுதிவிட்டுப் போனார்.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு வார உழைப்பில் பெரும்பகுதி போயிருந்தது. ஆனால் இந்த அண்டத்தில் ஒரு மனிதரைச் சந்தித்திருந்தேன்.

இது என் ஒருவனின் உணர்ச்சி என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2015-ல் ஈவ் ரசிகர்களுக்கான ஃபேன்ஃபெஸ்ட் விழாவில் சிசிபி ஒரு கணக்கை வெளியிட்டது நினைவிருக்கிறதா? 80,000 புதியவர்களின் முதல் 15 நாட்களை எடுத்துப் பார்த்தார்கள். அடி வாங்கினவர்கள் ஓடிவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கணக்கு நேர்மாறாக வந்தது. யாரிடமும் அடிபடாதவர்களை விட, பிறரால் சுடப்பட்டவர்கள் அதிக காலம் தங்கியிருந்தார்கள். உங்களில் பலர் அன்று முதல் அதைக் கொடியாகத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்: நாங்கள் சுடுவதால்தான் ஆட்டம் வாழ்கிறது என்று. அந்தக் கணக்கை நான் இப்படிப் படிக்கிறேன். பாறையோடும் லேசரோடும் தனியே கிடந்தவனுக்கு, எதிரியாகவாவது ஒரு மனிதர் வந்தார். அவனைப் பிடித்து நிறுத்தியது அந்தச் சந்திப்புதான் என்று நினைக்கிறேன். சுட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனால், புதியவனுக்கு உங்களுக்கும் கணினி ஓட்டும் கொள்ளைக் கப்பலுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? அவையும் வந்து இறங்கும், சுடும், பேசாது.

ரான்சம் ஏன் செத்தது என்று உங்களில் பழையவர்களிடம் கேட்டிருக்கிறேன். உடைத்த கப்பல்களைக் கணக்கு வைக்கும் கில்போர்டைத்தான் முதலில் கை காட்டுகிறார்கள். அது உண்மை. கப்பல் ஒன்று உடைந்தால் கில்மெயில் என்ற அறிக்கை தானாக உருவாகிறது, இசட்கில்போர்டு தளத்தில் ஏறுகிறது. யார் உடைத்தார், எதால் உடைத்தார், என்ன விலை, எல்லாம் ஊரறிய நிற்கும். உங்கள் திறமைக்குச் சதவீதம் கூடப் போட்டுக் காட்டும். ஆனால் நீங்கள் ஒருவனைப் பிடித்து, பேசி, பணம் வாங்கி, சொன்னபடி விட்டீர்களென்றால் அதற்கு எங்கும் தடயம் இல்லை. உங்கள் வாலட்டில் ஒரு வரி, அவன் வாலட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். உடைத்ததை எண்ணுகிற பலகை இருக்கிறது, விட்டதை எண்ணுகிற பலகை இல்லை. எண்ணப்படுவதைத்தான் மனிதர்கள் செய்வார்கள். இதில் உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதை யாரும் முதலில் சொல்வதில்லை. வாங்கிக்கொண்டு சுட்டவர்கள்.

எனக்கும் நடந்திருக்கிறது. முதல் சம்பவத்துக்கு ஒன்றரை வருடம் கழித்து, வேறொரு மண்டலத்தில், வேறொரு கூட்டம். மூன்று பேர். 40 மில்லியன் கேட்டார்கள். என் பழைய அனுபவத்தின் தைரியத்தில் யோசிக்காமல் அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்த சத்தம் அடங்குவதற்குள் மூன்று பேரும் ஒன்றாகச் சுட்டார்கள். பிறகு லோக்கலில் சிரித்தார்கள். விதிப்படி அது தப்பில்லை. இந்த ஆட்டத்தில் பொய் சொல்லிப் பணம் பறிப்பதை நிறுவனம் தடுப்பதில்லை, தடுக்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. ஆனால் அன்று அவர்கள் திருடியது என் 40 மில்லியனை மட்டும் இல்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம் நான் யாருக்கும் ரான்சம் கொடுக்கவில்லை. நேர்மையான கொள்ளையர் எத்தனை பேர் அந்த மூன்று வருடத்தில் என்னைப் பிடித்துக் கேட்டார்களோ, அத்தனை பேருக்கும் வந்திருக்க வேண்டிய பணம் அது. உங்கள் பையிலிருந்து எடுத்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். இதற்கு என்னைவிட உங்களுக்குத்தான் கோபம் வந்திருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். என் ரிட்ரீவர் வெடித்தால் அதன் உடல் யாருக்கும் இல்லை, அப்படியே போய்விடும். பொருத்தியிருந்த கருவிகள் ஒவ்வொன்றுக்கும் பூவா தலையா போட்டது போல, பாதி தப்பும், பாதி எரியும். வயிற்றில் இருந்த தாது? அது தப்பினாலும் உங்கள் ரிஃப்டரில் நூற்றில் ஒரு பங்கு ஏறாது. இன்ஷூரன்ஸ் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் திரும்பி வரும், சரி, ஆனால் அது என் பைக்கு வருகிறது, உங்கள் பைக்கு இல்லை. உடைப்பதில் என் நஷ்டம் பெரியது, உங்கள் லாபம் அற்பம். கேட்டு வாங்கினால் என் நஷ்டம் குறைகிறது, உங்கள் லாபம் பல மடங்கு. நடுவில் வீணாக எரிகிற பொருளை நாம் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். கேப்சூலைப் பிடித்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். தலைக்குள் பில்லியன் கணக்கில் விலையுள்ள இம்பிளான்ட், அதாவது திறன் கூட்டும் கருவி, வைத்திருப்பவனைக் கொன்றால் ஒரு காசு தேறாது. அத்தனையும் அவனோடு சாம்பல்.

நிஜக் கடலில் கொள்ளையர் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். 2008 நவம்பரில் சோமாலியக் கொள்ளையர் சிரியஸ் ஸ்டார் என்ற சவூதி எண்ணெய்க் கப்பலைப் பிடித்தார்கள். அதற்குள் ஏறக்குறைய 20 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய். அதை அவர்களால் விற்க முடியாது, இறக்க முடியாது, ஒளித்து வைக்கவும் முடியாது. 2009 ஜனவரியில் ஒரு சின்ன விமானம் பாராசூட்டில் பணத்தைப் போட்டது. கப்பலும் 25 மாலுமிகளும் விடப்பட்டார்கள். அங்கே நடந்தது கொடிய குற்றம், அந்த மாலுமிகள் பட்டது நிஜமான பயம். நம் ஆட்டத்தை அதோடு சமமாக வைத்துப் பார்க்க எனக்கு மனமில்லை. நான் சொல்வது ஒன்றே ஒன்று. வாங்கிய பிறகு விடுவார்கள் என்ற நம்பிக்கை இல்லையென்றால் அந்த விமானம் கிளம்பியே இருக்காது. பதினெட்டாம் நூற்றாண்டின் அட்லாண்டிக் கொள்ளையர் கறுப்புக் கொடி ஏற்றினால், பணிந்தால் உயிர் தப்பும் என்று பொருள். சிவப்பு ஏற்றினால் ஒருவரையும் விடமாட்டோம் என்று பொருள். பெரும்பாலும் அவர்கள் கறுப்பைத்தான் ஏற்றினார்கள். எதிர்ப்பே இல்லாமல் சரக்கு கைக்கு வருவதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

நீங்கள் இன்று சிவப்பை மட்டும் ஏற்றிக்கொண்டு திரிகிறீர்கள்.

நம் பழைய பாலைப் பாட்டு ஒன்றில் வழிமறிக்கும் மறவர் வருகிறார்கள். வழிப்போக்கனிடம் பறிக்கப் பொருளே இல்லை என்று தெரிந்தாலும், அவன் துள்ளுவதைப் பார்ப்பதற்காகவே துரத்திப்போய் உயிரை எடுப்பார்கள். அதனால் அந்த வழியில் பறவை கூடப் பறக்காது என்று பாட்டு சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது அது வெறும் வர்ணனையாகத்தான் பட்டது. இப்போது இரவு பதினொரு மணிக்கு லோசெக் மண்டலங்களை ஒன்றன் பின் ஒன்றாகக் கடக்கும்போது அந்த வரி நினைவுக்கு வருகிறது. லோக்கலில் என் பெயர் ஒன்றுதான் இருக்கும். பெல்ட்டுகள் அத்தனையும் தீண்டப்படாமல் கிடக்கும். ஹைசெக்கில் வெல்ட்ஸ்பாருக்கு அடித்துக்கொள்கிறவர்கள் இங்கே வரமாட்டேன் என்கிறார்கள். வந்தால் பேச்சுக்கே இடமில்லை என்று அவர்களுக்குத் தெரியும். "லோசெக் செத்துவிட்டது, சுடுவதற்கு ஆளே இல்லை" என்று நீங்கள் அலுத்துக்கொள்வதையும் கேட்கிறேன். வழியில் பறவை பறக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் பறவை இல்லை.

உங்கள் பக்கத்து நியாயங்களை நான் தள்ளிவிடவில்லை. வாயிலில் பிடித்தால் காவல் துப்பாக்கி உங்களைச் சுட்டுக்கொண்டே இருக்கும், பேரம் பேச நேரமில்லை. ஒப்புக்கொள்கிறேன். தாமா, அமமாகே, ரான்சர் என்று பேர்போன வாயில் மறிப்புகளில் ரான்சம் எதிர்பார்த்து நான் இதை எழுதவில்லை. ஹைசெக்கில் தற்கொலைத் தாக்குதல் நடத்துகிறவர்களுக்குக் கான்கார்டு வந்து சேரும் வரை சில விநாடிதான். அங்கேயும் பேச்சுக்கு இடம் குறைவு. ஆனால் பெல்ட்டில்? கோளுக்குப் பக்கத்தில்? மிஷன் ஓடுகிறவனைத் தேடிப் பிடிக்கிற இடத்தில்? அங்கே உங்களைச் சுட யாருமில்லை. மூன்று நிமிடம் தாராளமாக இருக்கிறது. பேச்சுக் கொடுத்து நேரத்தை இழுத்து, நண்பர்களை வரவழைத்துவிடுவான் என்பது அடுத்த பயம். அதற்குத்தான் மூன்று நிமிடக் கெடு. என்னைப் பிடித்தவர் அதைத்தான் செய்தார். டிரோனைக் கூப்பிடச் சொன்னதும் அதே முன்யோசனைதான். வேலை தெரிந்தவர்.

இதெல்லாம் முடியாத காரியம் என்று சொல்பவர்களுக்கு உங்கள் வரலாற்றையே நினைவுபடுத்துகிறேன். 2003-ல், ஆட்டம் தொடங்கிய சில மாதங்களிலேயே, மூ என்ற கூட்டம் மாரா மண்டலத்தை அடைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவர் எல்லோரையும் அடித்தது. கடைசியில் ஆட்டத்தை நடத்துகிற நிறுவனமே தலையிட வேண்டியதாயிற்று. அன்றைக்குக் கான்கார்டை எதிர்த்து நிற்க முடிந்தது, இன்று முடியாது. கண்மூடித்தனமாக எல்லோரையும் அடித்தால் மேலிருந்து கை நீளும் என்பதற்கு அது சாட்சி. இன்னொரு பக்கம் டஸ்கர்ஸ் என்ற கொள்ளையர் கூட்டம் இருந்தார்கள். ரான்சம் வாங்கினால் விடுவது, ஒற்றைக்கு ஒற்றை என்று ஒப்புக்கொண்டால் மூன்றாவது ஆள் நுழையாமல் இருப்பது என்று விதி வைத்து, அதன்படி நடந்து பெயர் வாங்கினார்கள். அவர்களிடம் தோற்றவர்கள் கூட அவர்களை மரியாதையாகத்தான் பேசுவார்கள். பாதுகாப்பு மதிப்பு மைனஸ் 5-க்குக் கீழே போனவனை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் சுடலாம். அப்படி ஊர்விலக்காகி வாழ்கிறவர்களின் வார்த்தைக்கு, ஹைசெக் வியாபாரிகள் பலரின் வார்த்தையை விட மதிப்பு இருந்தது.

சிலர் ஒரு பொத்தான் கேட்கலாம். ரான்சம் கொடுத்தவுடன் சுட்டவரின் துப்பாக்கி ஒரு நிமிடம் தானாக அடங்கிவிடுகிற மாதிரி நிறுவனம் செய்துகொடுக்கட்டும், 2008 முதல் நாம் வாக்களித்து அனுப்புகிற ஆலோசனை மன்றம் அதைக் கேட்டு வாங்கட்டும் என்று. எனக்கு அது வேண்டாம். துப்பாக்கியை மென்பொருள் அடக்கினால் நீங்கள் என்னை விட்டதாக ஆகுமா? அன்று அந்த மனிதர் சுட்டிருக்கலாம். பணம் வந்துவிட்டது, தடுப்பார் இல்லை, கில்மெயிலும் கிடைத்திருக்கும். சுடவில்லை. அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை வருடம் கழித்தும் அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். பொத்தான் வந்தால் அந்த நொடி போய்விடும்.

உங்களிடம் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிடித்த இடத்தில் நேரம் இருந்தால் கேளுங்கள். கப்பலின் விலையில் பாதிக்கு மேல் கேட்காதீர்கள், ஏனென்றால் அதற்கு மேல் போனால் எவனும் கொடுக்கமாட்டான். கேட்டு வாங்கினால் விடுங்கள். உங்கள் கூட்டத்தில் ஒருவர் வாங்கிக்கொண்டு சுட்டால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரை வெளியே அனுப்புங்கள். ஒவ்வொரு பைலட்டும் எந்தெந்தக் கார்ப்பரேஷனில் இருந்தார் என்பது எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. ஒரே சர்வர், ஒரே ஊர். இங்கே பெயர் கெட்டால் அதைத் தூக்கிக்கொண்டுதான் திரிய வேண்டும். அதையே உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். கார்ப்பரேஷன் பக்கத்தில் விதியை எழுதி வையுங்கள். அதன் கீழே, ரான்சம் கொடுத்துத் தப்பியவர்களின் பெயர்களை அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். அவர்களிடம் யார் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளட்டும். கில்போர்டு எண்ணாததை நீங்களே எண்ணுங்கள். என் பெயரை நான் முதல் ஆளாகத் தருகிறேன்.

2023 நவம்பரில் ஹாவக் விரிவாக்கம் வந்தபோது கூரிஸ்டாஸ், ஏஞ்சல் கார்ட்டல் என்ற கதைக் கொள்ளையர் பக்கம் நாமே சேர்ந்து சண்டை போடலாம் என்று ஆனது. ஸார்ஸாக் மண்டலத்தில் புதுமுகங்கள் நிறையப் பார்க்கிறேன். கொள்ளையனாக வேண்டும் என்ற ஆசையோடு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு லாக் போடவும் ஸ்க்ராம் போடவும் சொல்லிக்கொடுக்க ஆயிரம் காணொளி இருக்கிறது. பிடித்தவனிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்க உங்களில் பழையவர்களைத் தவிர யாரும் இல்லை. அந்தத் தலைமுறை ஒருவர் பின் ஒருவராக விளையாட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. என்னைப் பிடித்தவரை நான் கடைசியாக ஆன்லைனில் பார்த்து நான்கு வருடம் ஆகிறது. அவர் பெயர் இன்னும் என் தொடர்புப் பட்டியலில், நல்லவர்கள் பக்கம், நீல நிறத்தில் இருக்கிறது. வந்தால் அறிவிக்கும்படி வைத்திருக்கிறேன்.

நான் அதே மண்டலத்துக்குத்தான் திரும்பிப் போயிருக்கிறேன். அதே பெல்ட். பெரும்பாலான இரவுகளில் பத்து மணிக்கு மேல் அங்கே இருப்பேன், புது ரிட்ரீவரோடு. வாலட்டில் 30 மில்லியன் குறையாமல் வைத்திருக்கிறேன். உங்களைக் கண்டால் ஓடத்தான் பார்ப்பேன், அது என் வேலை. ஓட முடியாமல் பிடிபட்டால் தனிச் சாட்டை ஏற்றுக்கொள்வேன். முதலில் டிரோன்களைத் திரும்பக் கூப்பிடச் சொல்வீர்கள். கூப்பிட்டு வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
லோசெக்கில் பாறை வெட்டும் ஒருவன்